பட்டாளத்து உத்தியோகத்தரின் கைத்துவக்கு

புத்தளத்திலிருந்து கொழும்பு வீதியிலே தெற்கு நோக்கிச் சிறிது தூரம் வந்தால் பாலாவிச் சந்தி. அங்கேதான் கற்பிட்டி வீதி பிரிகின்றது. அச்சந்திக்கு அண்மையிலுள்ள விமானத்தளத்தை நம்மவரில் அறியாதார் சிலரே. இன்று அஃது இலங்கை விமானப்படையின் நிலையம். ஆயின் இரண்டாம் உலக மகாயுத்த காலத்திலே அஃது ஒரு கப்பல்! வாசகர்கள் நகைத்தல் வேண்டா. பிரித்தானியக் கடற்படையின் வழக்கப்படி, கரையிலுள்ள நிலையமும் கப்பலென்றே கணக்கிடப்படும். அதற்கொரு கப்பற் பெயரும் சூட்டப்படும். அவ்வாறே பாலாவித் தளத்துக்கு இடப்பட்ட பெயர் "ராஜாலிய". அது கழுகினப் பறவையொன்றின் சிங்களப் பெயர்.

கடற்படை விமானத் தளங்களுக்கெல்லாம் அந்தந்த நாட்டு மொழியிலே பறக்கும் உயிர்களின் பெயரைத் தேடி வைத்த அந்த வெள்ளைக்கார உத்தியோகத்தர் யாரோ, நல்ல இரசிகராகத்தான் இருந்திருக்க வேண்டும். கட்டுக்குருந்தையில் இருந்தது "உகுஸ்ஸா". திருகோணமலைச் சீனன்குடாவில் "பம்பரா". கடலுக்கு அப்பால், கோயம்புத்தூரில் "கருடா", சூலூரில் "வைரி", தாம்பரத்தில் "வல்லூறு". தூய தமிழ்ச் சொற்கள் இரண்டு, ஆங்கில மன்னரின் கப்பற் பட்டியலிலே ஏறியிருந்தன என்பதை நம்மவர் பலர் அறியார்.

1942 ஏப்ரல் 5-ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட் கழித்துத் திருகோணமலையைத் தாக்கியதோடு, மட்டக்களப்புக்கு அப்பாற் கடலிலே "ஹேர்மிஸ்" என்னும் விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தன. அதன் பின்னரே இலங்கைத் தீவெங்கும் விமானத்தளங்கள் பெருகின. புத்தளத் தளத்திலே அமெரிக்கா கடனாகக் கொடுத்த "கோர்செயர்" என்னும் போர் விமானங்கள் வந்திறங்கின. மழைக்காலத்தில் அவ்விமானங்கள் சேற்றிலே புதைந்தபோது இழுத்தெடுக்க யானைகள் கொண்டுவரப்பட்டன. மணிக்கு நானூறு மைல் பறக்கக்கூடிய இயந்திரத்தை யானை இழுத்துச் செல்லும் புகைப்படங்களை இன்றும் காணலாம். மன்னர் காலத்து யானைப்படையும் இருபதாம் நூற்றாண்டின் விமானப்படையும் ஒரே வயலிலே சந்தித்த இடம் நமது புத்தளம்! இரங்கூன் வீழ்ந்து பர்மா அரிசி வராமற் போக, பங்கீட்டு அரிசிக்குச் சனங்கள் வரிசையில் நின்ற காலமும் அதுவே.

நிற்க. அவ்விமானிகளைப் பற்றியன்று, அவர்களது அரையிலே தொங்கிய ஒரு சிறு பொருளைப் பற்றியே நாம் இக்கட்டுரையில் எழுத விரும்புகின்றோம். எதிரியின் நிலத்துக்கு மேலே பறக்கப் போகும் விமானிக்கு ஒரு கைத்துவக்கும் கொடுக்கப்பட்டது. பட்டாளத்திலே சாதாரண சிப்பாய்க்கு நீண்ட துவக்கு, உத்தியோகத்தருக்குக் கைத்துவக்கு. இந்த வேறுபாடு எப்படி வந்தது? அச்சிறிய ஆயுதம் யாரைச் சுடுவதற்காக உருவாக்கப்பட்டது? மிஷன் பாடசாலையிலே இங்கிலாந்து அரசர்களின் பட்டியலை நெட்டுருப் பண்ணிய நமக்கு இக்கேள்விகளை அன்று எவரும் கற்பிக்கவில்லை. ஆயினும் அந்த அரசர்களின் சாம்ராச்சியத்தை அறிந்துகொள்ள, முடியைவிட இந்தக் கைத்துவக்கே நல்ல வழிகாட்டியென்பது நமது துணிபு.

பிரித்தானிய உத்தியோகத்தரின் கைத்துவக்கு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது "வெப்லி". இங்கிலாந்திலே இரும்புத் தொழிலுக்குப் பேர்பெற்ற பேர்மிங்ஹாம் நகரத்துக் கம்பனியின் பெயர் அது. 1887-ஆம் ஆண்டிலே அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டு பத்தாயிரம் துவக்குகளுக்கு முதற் கட்டளை கொடுத்தது. ஆறு ரவைகளைக் கொள்ளும் சுழலும் உருளையையுடையது. மேலேயுள்ள பூட்டைப் பெருவிரலால் அமுக்கினால் துவக்கு நடுவிலே மடிந்து கொடுக்கும். வெடித்த ரவைக்கூடுகள் ஆறும் தாமே துள்ளி வெளியே விழும். குதிரைமேல் இருப்பவனும் விரைவில் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். குழலின் அகலம் 0.455 அங்குலம். முதலாம் மகாயுத்தத்தில், 1915-இல் வந்த ஆறாம் மாதிரி ஏறக்குறைய இரண்டரை இறாத்தல் நிறையுடையது. ஐம்பது யாருக்கு அப்பால் அதனால் அதிக பயனில்லை. கைப்பிடியின் அடியிலே ஒரு வளையம். அதிலே ஒரு கயிற்றைக் கட்டிக் கழுத்திலோ தோளிலோ மாட்டிக்கொள்வர். கைதவறி விழாமலிருக்கவே அந்தக் கயிறு. எனினும் அதைப் பார்க்கும்போதெல்லாம் உத்தியோகமும் மனிதனும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருப்பது போலவே தோன்றுகின்றது.

இதிலே வேடிக்கை என்னவெனில், அக்காலத்து உத்தியோகத்தர் தமது கைத்துவக்கைத் தமது பணத்திலேயே வாங்கவேண்டியிருந்தது. வாளும், சீருடையும், தூரதரிசினியும் அப்படியே. சிப்பாய்க்கு ஆயுதம் கொடுப்பது அரசாங்கம். உத்தியோகத்தரோ தகப்பன் வீட்டுச் செல்வத்தோடு வருபவர் என்பது எண்ணம். பட்டாளத்து ரவை பொருந்துமாயின் எந்தக் கம்பனியின் துவக்கும் ஆகலாம். வின்ஸ்டன் சேர்ச்சிலின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கு வந்திறங்கியபோது பம்பாய்த் துறையிலே படகிலிருந்து கரையேறுகையில் அவரது தோள்மூட்டு விலகிவிட்டது. ஆகவே வாளை ஓங்கப் பயந்து, ஜேர்மனியில் செய்த "மவுசர்" கைத்துவக்கொன்றை வாங்கிக்கொண்டார். 1898 செப்ரெம்பர் 2-ஆம் திகதி சூடானிலே ஒம்துர்மான் போரில் குதிரைப்படையோடு பாய்ந்தபோது அவர் கையிலிருந்தது அதுவே. பம்பாய்த் துறையின் பாசிபிடித்த படியொன்று, பின்னாளிற் பிரதம மந்திரியான ஒருவரின் உயிரைக் காத்தது என்று சொன்னாலும் பொருந்தும்.

இனி, அந்தக் குண்டு ஏன் அத்துணைப் பெரிதாயிருந்தது என்று பார்ப்போம். நாம் இவ்விடயத்திலே புத்தகங்களைப் புரட்டியபோது எம்மை உறங்கவிடாது செய்த பகுதி இதுவே. ஐரோப்பியச் சிப்பாய் ஒருவன் சிறு குண்டு பட்டாலும் விழுந்துவிடுவான். ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் உள்ள "நாகரிகமற்றவன்" காயம் பட்டும் ஓடிவருவான், அவனை நின்ற இடத்திலேயே நிறுத்தப் பெரிய குண்டு தேவை என்பது அக்காலத்துப் பிரித்தானியப் படைத்துறையினரின் வாதம். கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் ஆயுதச்சாலையிலே, உடம்பினுட் சென்றதும் விரியும் குண்டு அக்காலத்திலேதான் உருவாகியது. அவ்வூரின் பெயரே அக்குண்டின் பெயராக உலகெங்கும் பரவிற்று. 1898-இல் வெப்லிக்கும் முனை குழிந்த ஒருவகைக் குண்டு வந்தது. மறு ஆண்டு ஹேக் நகரிலே கூடிய சமாதான மகாநாடு விரியும் குண்டுகளை விலக்கவேண்டுமெனத் தீர்மானித்தபோது, பிரித்தானியப் பிரதிநிதியாகிய சேர் ஜோன் ஆடா அவர்கள் எழுந்து இதே வாதத்தைச் சபையிலே எடுத்துரைத்தார். சபை அதை ஏற்கவில்லை. குழிமுனைக் குண்டும் சிறிது காலத்தில் மீட்கப்பட்டது. ஆனால் 0.455 அங்குல அளவு அப்படியே நின்றது. ஓர் அங்குலத்தின் சிறு பின்னத்திலே நம் பாட்டன்மாரைப் பற்றி அவர்கள் கொண்ட கருத்து எழுதப்பட்டிருந்தது. சமாதான மகாநாட்டிலே பேசப்பட்ட பேச்சு இதுவென்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

அப்படியாயின், நம்மவரிலே ஒருவர் அந்த உத்தியோகத்தைப் பெற்றால்? அதற்கும் நம் நாட்டிலே ஒரு விடை உண்டு. அது துக்கமான விடை. 1914-இல் யுத்தம் தொடங்கியபின் கொழும்பைக் காக்க அமைக்கப்பட்ட தொண்டர் படையிலே ஹென்றி பேதிரிஸ் என்னும் சிங்கள இளைஞர் கப்டன் பதவி பெற்றிருந்தார். செல்வம் மிக்க வர்த்தகரின் மைந்தர். 1915-இல் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலகம் மூண்டபோது இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. நமது வடமேல் மாகாணமும் அதற்கு உட்பட்டது. கலகத்தைத் தூண்டினாரென்று இராணுவ நீதிமன்றம் பேதிரிசைக் குற்றவாளியாகக் கண்டு, யூலை 7-ஆம் திகதி வெலிக்கடையிலே சுட்டுக்கொன்றது. வயது 26. மன்னரின் சீருடை அவரைக் காக்கவில்லை. இராணுவச் சட்டத்தின் கொடுமைகளைச் சட்டசபையிலே அஞ்சாது எடுத்துரைத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்பதும், 1916-இல் அவரது நூல் இலண்டனில் வெளிவந்தது என்பதும் யாவரும் அறிந்ததே. ஆயினும் அக்கலகத்திலே அடிபட்டவர்களும் கடையிழந்தவர்களும் முஸ்லிம் மக்களே. இராமநாதன் அவர்களின் பேச்சிலே தமது துயருக்குப் போதிய இடமில்லையென்று அவர்கள் கொண்ட மனத்தாங்கல் நியாயமற்றதன்று. முஸ்லிம் ஊர்களோடு வேலி பிரியாது வாழும் இக்கரையோரத்தவராகிய நாம் இதனைச் சொல்லாமல் விடுதல் தகாது.

மறு ஆண்டே, அதாவது 1916-இல், 33-ஆம் இலக்கத் துவக்குக் கட்டளைச் சட்டம் வந்தது. பின்னர் பல திருத்தங்களுக்கு உள்ளாயினும், இன்றுவரை இந்நாட்டின் அடிப்படைச் சட்டம் அதுவே. புத்தள மாவட்டத்துக் குடியேற்றக் கிராமத்திலே யானைக்கும் பன்றிக்கும் அஞ்சிப் பயிர் காக்க அனுமதிப்பத்திரம் கேட்கும் கமக்காரன், தன்னை அறியாமலே அந்த 1916-ஆம் ஆண்டோடு பேசிக்கொண்டிருக்கின்றான்.

ஐரோப்பாவிலே, அகழிப் போர் உத்தியோகத்தரின் கைத்துவக்குக்கு வேறொரு பாடம் கற்பித்தது. வாளும் கைத்துவக்கும் உடையவனே உத்தியோகத்தன் என்று கண்டு ஜேர்மானியர் குறிவைத்து வீழ்த்தவே, அநேகர் சிப்பாயின் நீண்ட துவக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தனர். பதவியின் சின்னம் மரணத்தின் சின்னமாக மாறிற்று. மறுபுறம், இரவிலே எதிரியின் ஒடுங்கிய அகழிக்குள் குதிப்போருக்கு வெப்லியைப் போல உதவிய ஆயுதம் வேறில்லை. அதன் நுனியிலே குத்துவாள் பொருத்திப் பார்த்த உத்தியோகத்தர்களும் உண்டு.

யுத்தம் முடிந்ததும் படைத்துறையினர் கணக்குப் பார்த்தனர். புதிதாய்ச் சேர்ந்தவனுக்குப் பெரிய வெப்லியைச் சுடப் பழக்குவது கடினம். அதன் உதை மணிக்கட்டை ஆட்டிவிடுகின்றது. ஆகவே 0.38 அங்குலமுடைய சிறியதொரு கைத்துவக்குப் போதுமென முடிவாயிற்று. வெப்லிக் கம்பனி அதற்கு மாதிரி செய்து கொடுத்தது. அரசாங்கமோ அம்மாதிரியை வைத்துக்கொண்டு, ஏறத்தாழ அதேபோன்ற ஒன்றைத் தனது என்பீல்ட் தொழிற்சாலையிலே செய்து 1932-இல் ஏற்றுக்கொண்டது! கம்பனி வழக்காடி 2,250 பவுண் கேட்டது; கோரிக்கை தள்ளப்பட்டது; ஈற்றில் 1,250 பவுண் வெகுமதியாகக் கொடுக்கப்பட்டது. குடியேற்ற நாட்டவரிடம் எடுத்துக்கொண்டு பழகிய கை சொந்த நாட்டுக் கம்பனியிடமும் சும்மா இருக்கவில்லைப் போலும். இப்புதிய துவக்கின் மெல்லிய ஈயக்குண்டு விரியக்கூடுமென்றும், அது ஹேக் மகாநாட்டின் விதிக்கு மாறென்றும் ஐயம் எழவே, உலோக உறையிட்ட குண்டு புகுத்தப்பட்டது. இம்முறை எதிரே நிற்கப்போவது ஐரோப்பியன் அல்லவா?

இரண்டாம் யுத்தம் வந்ததும் என்பீல்ட் தொழிற்சாலையால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆகவே முன்னர் ஒதுக்கிய அதே வெப்லிக் கம்பனியின் 0.38 துவக்கையும் வாங்கினர். அமெரிக்காவிலிருந்து "ஸ்மித் அன்ட் வெசன்" துவக்குகளும் பெருந்தொகையாக வந்தன. அறுபதுகளிலே பிரித்தானியப் படை சுழல்துவக்கை முற்றாகக் கைவிட்டது. ஆனால் அந்த வமிசம் அற்றுப்போகவில்லை. இந்தியாவிலே கான்பூர்த் தொழிற்சாலை வெப்லியின் மாதிரியைத் தழுவி 0.32 அங்குலச் சுழல்துவக்கைச் செய்து வருகின்றது. 2014-இல் பெண்களின் தற்காப்புக்கென "நிர்பீக்" என்னும் இலேசான வகையொன்றையும் வெளியிட்டது. பேர்மிங்ஹாமிலே உத்தியோகத்தருக்காகப் பிறந்த ஆயுதம் கான்பூரிலே கைப்பைக்குள் புகுந்திருக்கின்றது.

மீண்டும் 1942-க்கு வருவோம். கைத்துவக்கு அணிந்தவருக்கும் நீண்ட துவக்கு ஏந்தியவருக்கும் இடையிலிருந்த பிளவு அவ்வாண்டு மே 8-ஆம் திகதி இரவு வெடித்தது. இந்து சமுத்திரத்திலே, கொக்கோஸ் தீவுக் கூட்டத்தின் ஹோர்ஸ்பரோ என்னும் சிறு தீவிலே காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினரில் ஒரு பகுதியார், கிரேஷன் பெர்னாண்டோ என்பவரின் தலைமையிலே தமது பிரித்தானிய உத்தியோகத்தருக்கு எதிராகக் கிளர்ந்தனர். முக்கியமான தருணத்திலே அவர்களின் இயந்திரத் துவக்குச் சிக்கிக்கொண்டது. இலங்கைச் சிப்பாய் ஒருவர் மாண்டார், உத்தியோகத்தர் ஒருவர் காயமுற்றார், கலகம் அடங்கிற்று. ஓகஸ்ட் 5, 7, 8-ஆம் திகதிகளில் மூவர் வெலிக்கடையிலே தூக்கிலிடப்பட்டனர். அம்மகாயுத்தத்திலே கலகக் குற்றத்துக்காகத் தூக்கிலேறிய பொதுநலவாயப் படைவீரர் இம்மூவர் மட்டுமே. அவர்களைத் தியாகிகள் என்பாரும் உளர். யப்பானியர் வந்திருந்தால் இவர்கள் கண்ட பலன் யாது என்று கேட்பாரும் உளர். இரண்டாவது கேள்வி நியாயமானதே. ஆனால் சொந்த நாட்டிலே அந்நியனுக்கு முன்னால் விறைத்து நிற்கவேண்டிய இளைஞனின் நெஞ்சை அது ஆற்றாது.

அத்தூக்குமரங்களின் நினைவு மாறுமுன்னரே பாலாவியில் விமானங்கள் இறங்கத் தொடங்கின. அவற்றிலே வந்தவர்களும் பெரும்பாலும் நமது வயதினரே, இருபதும் இருபத்திரண்டும். இங்கிலாந்திலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்தவர்கள். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் காலங்களிலே விமானங்களைக் கரைக்குக் கொண்டுவந்து பழகுவர். பின்னர் கப்பலேறிப் போய்விடுவர். அவர்களுக்குக் கைத்துவக்கு அதிகாரத்தின் அடையாளமன்று. சுமாத்திராக் காட்டிலே விமானம் வீழ்ந்தால், பட்டுத்துணியில் அச்சிட்ட தேசப்படத்தோடும் ஒரு வெட்டுக்கத்தியோடும் துணையாக இருக்கும் கடைசி நம்பிக்கை.

1945 ஜனவரியில் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டன. யப்பானியருக்கு விமான எண்ணெய் வழங்கிய சுமாத்திராவின் பலம்பாங் சுத்திகரிப்பு நிலையங்கள் இரண்டையும் அழிப்பதே நோக்கம். பலம்பாங் நமக்குப் புதிய பெயரன்று. இராசேந்திர சோழனின் கப்பற்படை சென்று தாக்கிய ஸ்ரீவிசயத்தின் தலைநகரம் அங்கேயே இருந்தது. 24-ஆம், 29-ஆம் திகதிகளில் தாக்குதல் நடந்தது. புத்தளத்திலே யானை இழுத்ததே, அந்தக் கோர்செயர் இன விமானங்களும் அதிலே பறந்தன. நிலையங்கள் எரிந்தன, எண்ணெய் உற்பத்தி பெரிதும் குன்றிற்று. சண்டையிலும், கடலில் வீழ்ந்தும், கப்பல் தளத்தில் இறங்குகையில் மோதியும் நாற்பதுக்கு மேற்பட்ட விமானங்கள் அழிந்தன.

உயிர் தப்பி நிலத்திலே வீழ்ந்தோரிற் சிலர் பிடிபட்டனர். ஆறு ரவைக் கைத்துவக்கு ஒரு படைப்பிரிவுக்கு முன்னால் என்ன செய்யும்? பிடிபட்டவரில் ஒன்பது பேர் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகப்பட்டுச் சிறையிலிடப்பட்டனர். யப்பான் சரணடைந்த அந்த ஓகஸ்ட் மாதத்திலே, விடுதலை வாயிற்படியில் நிற்கும் வேளையிலே, அவர்களைச் சாங்கிக் கடற்கரைக்குக் கொண்டுசென்று வாளால் தலையைக் கொய்துவிட்டனர். உடல்கள் கடலிலே அமிழ்த்தப்பட்டன.

யப்பானிய உத்தியோகத்தருக்குக் கைத்துவக்கைவிட வாளே மானத்தின் உறைவிடம். இதை நன்கறிந்தவர் மவுண்ட்பேட்டன் பிரபு. பேராதனையிலே தமது தலைமையகத்தை வைத்து நடத்திய அவர், சரணடையும் யப்பானிய உத்தியோகத்தர் யாவரும் தத்தம் வாளைப் பகிரங்கமாகக் கையளிக்கவேண்டுமெனக் கட்டளையிட்டார். குவிந்த வாள்கள் பலவும் வெற்றியாளரின் வீட்டுச் சுவர்களுக்கும் நூதனசாலைகளுக்கும் போய்ச் சேர்ந்தன.

அந்த ஒன்பது பேருக்கும் கல்லறை இல்லை. இங்கிலாந்திலே லீ-ஒன்-சொலன்ட் என்னும் கடற்கரையூரிலும், நியூசிலாந்தவரின் பெயர்கள் ஒக்லாந்து நகரிலும், கடலிலே மறைந்தோருக்கான நினைவுக் கற்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களது கைத்துவக்குகளும் பட்டுத்துணித் தேசப்படங்களும் சுமாத்திராவிலேயே போய்விட்டன.